உளுவைத் தொட்டியும் மூன்று ஸ்நானங்களும்

பூச்சட்டி ஒன்று பாதியாக உடைந்து, அந்தப் பாதி மணலில் கவிழ்ந்து கிடக்கிறது. உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து ஒரு முகம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தட்டையான தலை, தலையின்மேல் ஒட்டவைத்தாற்போல் இரண்டு கண்கள், கீழுதடு முன்னே துருத்திய பெரிய வாய். ஜட்ஜ் ஐயா வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஐயாவும் அல்ல, அந்த வீட்டு அம்மாவும் அல்ல. கண்ணாடித் தொட்டிக்குள்ளிருந்து என்னை முறைத்துக்கொண்டிருந்த அந்த முகந்தான். எங்கள் பக்கத்தில் அதை உளுவை என்போம். ஆற்றின் அடியில் மணலோடு மணலாகக் கிடக்கிற மீன். நீந்துவதைவிட உட்கார்ந்திருப்பதே அதிகம். ஐயாவுக்கு அதில் பிடித்ததும் அதுதான். "மத்த மீனெல்லாம் போறதும் வரதுமா இருக்குப்பா. இது ஒண்ணுதான் உட்கார்ந்து கேக்கறது" என்பார். முப்பது வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்து கேட்டவர் அவர். இருந்தாலும் நான் எழுத வந்தது அவரைப் பற்றி அல்ல. அவர் மனைவியைப் பற்றி. வெளியார் எல்லாரும் ஜட்ஜம்மா என்று சொல்வார்கள். நான் நேரில் அம்மா என்றுதான் கூப்பிட்டேன்.

யுத்த காலம் அது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று காலியான பட்டணம், பயம் தெளிந்து ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ரிடையரான ஐயா மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் குடியிருந்தார். சாயங்காலம் உலாவக் கிளம்பியவர் ஒருநாள் ராஜா அண்ணாமலைபுரத்துத் தென்னந்தோப்புகளைத் தாண்டி அடையாற்று முகத்துவாரம் வரைக்கும் வந்து, வலையை உதறிக்கொண்டிருந்த என் அப்பாவின் எதிரே நின்றார். "உயிரோட வேணும். விரல் நீளத்துல ஆறு" என்றார். அப்பா அவருடைய நெற்றியையும் அங்கவஸ்திரத்தையும் பார்த்துவிட்டு, "சாமி, தெரிஞ்சுதான் கேக்கறியா? இது மீனு" என்று சொன்னார். ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்து பழைய வினாத்தாள் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த என்மேல் அப்போதுதான் அவர் பார்வை விழுந்தது.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, டைப் அடிக்கவும் கற்றுக்கொண்டு, சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்க இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன். இடமில்லாமல் என்றால் உண்மையாகவே இடமில்லாமல். எங்கள் குடிசையில் ஏழு பேர். காலை நீட்டினால் யாராவது ஒருவர் திட்டுவார்கள். ஐயா என்னை அழைத்துக்கொண்டார். அவருடைய பழைய வழக்குக் குறிப்புகளைக் காலையில் டைப் அடித்துத் தர வேண்டும். விடியற்காலையில் மீன் தொட்டியில் தண்ணீர் மாற்ற வேண்டும். பெட்ரோல் கிடைக்காத நாள், கார் ஷெட்டில் கார் இல்லை. அதை ஒட்டிய அறையை எனக்குக் கொடுத்தார். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, தலைக்கு மேலே மின்சார விளக்கு. முதல் நாள் அந்த அறையின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தேன். எதுவும் இடிக்கவில்லை. டைப் அடிக்கிற வேலை நாலைந்து மாதத்தில் தீர்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அதன்பிறகு அந்த அறையில் நான் இருப்பதற்கு மீன்தான் காரணம்.

தொட்டி மூன்றரை அடி நீளம். இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி. கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் கண்ணாடிக் கடை பாய் செய்து கொடுத்தது. ஆபீஸ் அறையில் ஐயாவின் சாய்வு நாற்காலிக்கு எதிரே வைத்திருந்தார்கள். ஆறு உளுவைகளில் கொஞ்சம் பெரியது, வந்த அன்றைக்கே அந்த உடைந்த பூச்சட்டிக்குள் புகுந்துகொண்டது. அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பூச்சட்டியின் வாசலிலிருந்து கண்ணுக்கு எட்டின தூரமெல்லாம் தன்னுடையது என்று அது தீர்மானித்துவிட்டது. வேறொரு மீன் அந்தப் பக்கம் மணலைத் தொட்டால் போதும், உடம்பு கறுக்கும், செவுள் மூடி விரியும், வாயைப் பிளந்துகொண்டு பாயும். துரத்தப்பட்டது மேலே போய் மூலையில் தண்ணீர் மட்டத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கும். அடியில் வாழப் பிறந்த ஜீவன் மேலே தொங்குவதைப் பார்க்கச் சகிக்காது. ஐயா அந்தப் பெரிய மீனுக்கு மிராசுதார் என்று பெயர் வைத்தார்.

பிறகு, தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். பாகப்பிரிவினை. அடிக்கோலை வைத்துத் தொட்டியை அளந்து, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு நிறுத்த உத்தரவு போட்டார். யுத்தத்தில் கண்ணாடிக்குப் பஞ்சம். தம்முடைய பிரிவுபசார குரூப் போட்டோவின் கண்ணாடியையே கழற்றிக் கொடுத்தார். அதை வெட்டிக்கொண்டு வந்து செருகிய பாய், "இன்னா சார், மீனுக்கும் டிக்ரி போட்டுட்டீங்களா? அப்பீலுக்கு யாருகிட்ட போவும் பாவம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆளுக்குப் பாதி, பாதிக்கு மூன்று மீன். அன்றிலிருந்து மிராசுதார் இரை எடுப்பதைக்கூட மறந்தது. எல்லைக் கண்ணாடியின் ஓரத்திலேயே உட்கார்ந்து, அடுத்த பக்கத்தில் தெரிகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வாயைப் பிளந்து மோதி, உதடு வீங்கிப்போயிற்று. ஆத்திரத்தையெல்லாம் தன் பாதியிலேயே அகப்பட்டுக்கொண்ட இரண்டின்மேல் காட்டியது. நாலாம் நாள் ஐயா தடுப்பை எடுக்கச் சொன்னார். "நான் எழுதின எல்லைத் தகராறுத் தீர்ப்பெல்லாம் ஊர்ல போய் இப்படித்தான் ஆயிருக்குமோ?" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். உள்கதவுக்குப் பின்னாலிருந்து ஜட்ஜம்மாவின் குரல் வந்தது: "இப்பவாவது தெரிஞ்சுதே."

அந்த உள்கதவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஆபீஸ் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்தது அது. நான் அதற்கு இந்தப் பக்கம், ஜட்ஜம்மா அதற்கு அந்தப் பக்கம். யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. அம்மா கதவருகில் வந்து நின்று பேசுவார். காப்பி டம்ளர் நிலைப்படிமேல் வந்து உட்காரும். குரலில் கடுமை கிடையாது. ஆனால் எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டார். தோட்டத்தில் மண்புழு தோண்டி மீனுக்குப் போடுவதை அவர் கண்ணில் படாமல் செய்வேன். அதற்கு அவர் வைத்த பெயர் டிபன். "டிபன் ஆச்சா? நான் வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவுக்கு வருவார்.

தடுப்பை எடுத்த வாரமே ஒரு மீன் செத்தது. மார்கழிக் குளிர். ஐயா பார்த்து, வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அடுத்த நிமிஷம் பின்கட்டில் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. ஜட்ஜம்மா கட்டின புடவையோடு தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். மனுஷர் செத்தால் குளிப்பதுபோல. "சாஸ்திரத்துல மீனுக்கெல்லாம் தீட்டு உண்டா?" என்று ஐயா பதறிக்கொண்டு கேட்டார். "சாஸ்திரத்துல இருக்கோ இல்லையோ, என் ஆத்துல இருக்கு. நாம ஆகாரம் போட்ட உயிர்" என்று பதில் வந்தது. அந்தக் குளியலில் அவருக்கு ஐந்து நாள் ஜுரம். எழுந்து வந்ததும் கதவருகில் நின்று, ஐயாவிடம் சொல்வதுபோல் எங்கள் இருவருக்குமாகச் சொன்னார்: "இதோ பாருங்கோ. இன்னும் ஒண்ணு போச்சுன்னா இந்தத் தொட்டி ஆத்துல இருக்கப்படாது." அதன்பிறகு தினமும் குளித்து, பூஜையை முடித்து, துளசித் தீர்த்தம் வாயில் ஈரமாக இருக்கும்போதே கதவுக்கு வந்து எட்டிப் பார்த்து எண்ணுவார். "அஞ்சு. சரி."

பொங்கல் கழிந்து சில நாள் இருக்கும். விடியற்காலையில் தண்ணீர் மாற்றப் போனவன் இன்னொன்று செத்து மிதப்பதைப் பார்த்தேன். வீட்டில் யாரும் முன்பக்கம் வரவில்லை. ஒரு நிமிஷம் அந்த மீனைப் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு மீன் தெரியவில்லை. என் மேஜையும் விளக்கும் தெரிந்தன. அதை எடுத்து நந்தியாவட்டைச் செடியின் அடியில் புதைத்தேன். ஐயாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் பறந்தேன். அதே அளவு உளுவை ஒன்றை அப்பாவிடம் வாங்கித் தூக்குப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு, பூஜை மணி அடிப்பதற்குள் திரும்பித் தொட்டியில் விட்டேன். கதவருகில் ஜட்ஜம்மா வந்தார். "அஞ்சு. சரி." என் முதுகில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அவருக்கு மறுபடி ஜுரம் வராமல் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் ரொம்பச் சௌகரியமாக இருந்தது.

பத்து நாளில் அந்தப் புது மீன் செத்தது. மறுபடி நந்தியாவட்டை, மறுபடி சைக்கிள். அதற்கு அடுத்ததும் பன்னிரண்டு நாளுக்குமேல் தாங்கவில்லை. நான் எதையும் நோட்டில் எழுதிவைக்கிற பழக்கம் உள்ளவன். வரலாற்றுப் பாடத்துக்கு வைத்திருந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் எந்த மீன் எந்த மூலையில் உட்காருகிறது, எது எதைத் துரத்துகிறது என்று குறித்துக்கொண்டு வந்தேன். ஒருநாள் அதைப் புரட்டியபோதுதான் புரிந்தது. பழைய நாலு மீன்களும் பத்திரமாக இருந்தன. இடுக்கோ, கல்லோ, செடியின் அடியோ, ஆளுக்கொரு இடத்தைப் பிடித்துக்கொண்டு மிராசுதாருக்கு எதிரே போகாமல் வாழப் பழகியிருந்தன. கடைசியாகச் செத்த இரண்டும் நான் கொண்டுவந்து விட்டவை. நிரம்பிய பந்தியில் கடைசியாக வந்து நிற்பவனைப்போல் அவற்றுக்கு மட்டும் இடம் கிடையாது. மிராசுதார் துரத்தும், அது துரத்திய இடத்தில் இருப்பது துரத்தும். எண்ணிக்கை குறையக்கூடாதென்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சாகக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்.

மூன்றாவது தடவையாக மீன் கேட்டுப் போனபோது அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாடா இது, பத்து நாளைக்கு ஒண்ணு? உங்க ஜட்ஜி மீன வளக்கறாரா, துன்றாரா?"

"சண்டை போட்டுக்கினு சாவுது நைனா. பெர்சு ஒண்ணு கீது. புச்சா வர்றத அடிச்சே கொன்னுடுது."

"பின்ன? குந்திகினு கீற எடத்த எவன் வுடுவான்? நீ வுடுவியா?" என்று கேட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "மழைல முகத்துவாரம் ஒடைச்சுக்கும் பாரு, மணலெல்லாம் எடம் மாறிப்பூடும். அப்ப வந்து பாரு நைனா. எல்லாம் பேந்தப் பேந்த முழிச்சிக்கினு ஒண்ணா கெடக்கும். பத்து நாளைக்கு ஒண்ணு ஒண்ண தொடாது. எவனுக்கும் எடம் தெரியாதுல்ல?"

அவர் அதைச் சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார். நான் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தேன். தொட்டியை அடியோடு கலைத்துவிட்டால்? மணல், கல், பூச்சட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வேறு விதமாகப் போட்டு, ஐந்தையும் ஒன்றாக விட்டால்? ஆனால் இதைத் திருட்டுத்தனமாகச் செய்ய முடியாது. மீன்களை விட்டுவைக்கப் பாத்திரம் வேண்டும். ஒரு காலைப்பொழுது முழுக்க ஆகும். எதற்கு என்று கேட்பார்கள். காரணம் சொன்னால் எல்லாமே சொல்ல வேண்டியிருக்கும். புது மீனைத் தொட்டியில் விட்டுவிட்டு, அன்றைக்குச் சொல்லாமல் இருந்துவிட்டேன். மறுநாள் விடிந்தபோது அது தண்ணீர் மட்டத்தில் மூலையோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. வால் கிழிந்து, ஒரு பக்கத்துத் துடுப்பு நூலாகத் தொங்கியது. இன்னும் உயிர் இருந்தது. என்னைப் பார்த்ததோ இல்லையோ, நான் அதைப் பார்த்தேன்.

ஜட்ஜம்மா குளித்துவிட்டு மடிப்புடவையோடு பூஜைக்குப் போகிற நேரம். உள்கதவருகில் போய் நின்று, "அம்மா, பூஜைக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றேன். சொன்னேன். நந்தியாவட்டையை, சைக்கிளை, தூக்கை, எல்லாவற்றையும். இதுவரை மூன்று செத்துவிட்டன, நாலாவதும் சாகப்போகிறது என்றேன்.

அவர் தொட்டியைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. விரலை மடக்கிப் பார்த்தார். "அப்போ மூணு ஸ்நானம் பண்ணாம நான் பெருமாளைத் தொட்டுண்டிருக்கேனா?"

இத்தனை நாளில் அது எனக்குத் தோன்றவே இல்லை. அவருடைய சிரமத்தைக் குறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் அந்தக் கதவருகில் வந்து "அஞ்சு. சரி" என்று நம்பிக்கையோடு சொல்லிவிட்டுப் போனவருடைய பூஜையைத்தான் நான் பொய்யாக்கியிருந்தேன்.

"நெஜத்தைச் சொல்லு. எனக்கு ஜுரம் வரும்னு மறைச்சியா, உன் ரூம் போயிடும்னு மறைச்சியா?"

"ரூமுக்குத்தாம்மா."

ஜட்ஜம்மா நேராகப் பின்கட்டுக்குப் போனார். ராட்டினம் கிறீச்சிட ஆரம்பித்தது. ஒரு ஸ்நானம். சற்று இடைவெளி. மறுபடி ராட்டினம். பத்திரிகையோடு வெளியே வந்த ஐயா அந்தச் சத்தத்தைக் கேட்டு, "யாருப்பா போயிட்டா?" என்று கேட்டார். "மூணு பேருங்க" என்றேன். ஐயா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விஷயத்தை விளக்கி முடிப்பதற்குள் மூன்றாவது ஸ்நானமும் முடிந்துவிட்டது.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஜட்ஜம்மா கதவருகில் வந்தார். "தொட்டியைக் காலி பண்ணச் சொல்லுங்கோ."

நான் அப்பா சொன்னதை மடமடவென்று ஒப்பித்தேன். முகத்துவாரம் உடைவது, மணல் இடம் மாறுவது, எவனுக்கும் இடம் தெரியாமல் பத்து நாள் சண்டையில்லாமல் கிடப்பது. எப்படியும் காலி பண்ணப்போகிறோம், காலி பண்ணிவிட்டு ஒரே ஒரு தடவை திரும்ப அடுக்கிப் பார்க்கிறேன் என்றேன். ஐயா எழுந்து நின்றார். தம் மனைவியின் முன்னால் வக்கீலைப்போலக் கையைக் கட்டிக்கொண்டார். "பதினஞ்சு நாள் வாய்தா குடு."

"வாய்தா குடுத்துக் குடுத்துத்தானே உங்க கோர்ட்டுல தாத்தா போட்ட கேஸை எல்லாம் பேரன் நடத்தினான்" என்றார் ஜட்ஜம்மா. ஆனால் மறுக்கவில்லை. "பதினஞ்சு நாள். நடுவுல ஒரு பொய் சொன்னியானா பதினாறாவது நாள் கிடையாது" என்று என்னிடம் சொன்னார்.

துணி அலசும் தகரத் தொட்டியில் மீன்களை விட்டு, மணலை அள்ளிக் கிணற்றடியில் அலசி, கண்ணாடியைத் துடைத்தோம். ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் பொறுக்கினார். ஜட்ஜம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிலைப்படிக்கு அந்தப் பக்கம் பலகை போட்டு உட்கார்ந்து நாங்கள் செய்வதைப் பார்த்தார். எத்தனை பொந்து வைக்கப்போகிறாய் என்று கேட்டார். ஐந்து மீனுக்கு ஐந்து என்றேன்.

"அஞ்சு பேருக்கு அஞ்சு இலை மட்டும் போட்டா எப்படிடாப்பா? ரெண்டு இலை கூடப் போட்டு வெக்கணும். இல்லேன்னா கடைசியா உட்கார்ந்தவன் இலையையேதான் எல்லாரும் பாத்துண்டிருப்பா." உள்ளே போனார். விரிசல் விட்ட கல்சட்டி ஒன்று, வாய் உடைந்த ஊறுகாய் ஜாடி ஒன்று, கொட்டாங்கச்சி இரண்டு என்று கொண்டுவந்து நிலைப்படிக்கு மேலாக ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தார். பழைய பூச்சட்டியை நான் எடுத்தபோது, "அது வேண்டாம். அதுதான் உங்க மிராசுதாரோட பட்டா. தூக்கிப் போடு" என்றார். நான் எல்லாப் பொந்துகளின் வாயும் கண்ணாடிப் பக்கம் தெரியும்படி வரிசையாக அடுக்கினேன். "அப்படி வெக்காதே. வாசல் ஒண்ணை ஒண்ணு பாக்கப்படாது. நான் வாக்கப்பட்டு வந்த ஆத்துல ஓர்ப்படி மூணு பேருக்கும் ஒரே கூடத்தைப் பாத்த மூணு ரூம். எட்டு வருஷம். யார் எப்போ கதவைத் திறந்தா, யார் தலையில என்ன பூ... போறும் போறும்." ஐயாவுக்கு அந்தச் சமயம் பார்த்து இருமல் வந்தது. நான் கல்சட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். ஜாடிக்கும் கொட்டாங்கச்சிக்கும் நடுவில் ஒரு கல்லை நிறுத்தி மறைத்தேன். புழுவையும் இனி ஒரே இடத்தில் கொட்டாமல் நாலு மூலையிலும் போடுவதென்று முடிவாயிற்று. "டிபனை மட்டும் நான் பாக்க மாட்டேன்" என்று எழுந்து போனார்.

ஐந்தையும் ஒரே சமயத்தில் விட்டோம். மிராசுதாரின் நடையை நான் மறக்கவே மாட்டேன். பூச்சட்டி இருந்த மூலைக்கு நேராகப் போயிற்று. அங்கே வெறும் மணல். திரும்பியது. கண்ணாடியின் ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே மூலைக்கு வந்து நின்றது. செவுளை விரிக்கவில்லை, வாயைப் பிளக்கவில்லை. வீட்டு விலாசம் தொலைந்துபோன மனுஷனைப்போல் இருந்தது. கிழிந்த வால் மீன் அதன் பக்கத்தில் போய் இறங்கியது. மிராசுதார் அது பாட்டுக்கு நின்றது. சாயங்காலத்துக்குள் ஆளுக்கொன்றாக எதிலோ புகுந்துகொண்டன. அடுத்த இரண்டு நாள் சின்னச் சின்ன முணுமுணுப்புகள் இருந்தன. ஒருவன் வாசலுக்கு ஒருவன் வந்தால் முறைப்பான். வந்தவன் சும்மா இருக்கிற இன்னொரு பொந்துக்குப் போய்விடுவான். கண்ணில் படாதவனைத் துரத்த எவனுக்கும் அக்கறை இல்லை. ஒரு வாரத்தில் கிழிந்த துடுப்பில் கண்ணாடித்தாள்போல் புதுச் சவ்வு வளர ஆரம்பித்தது. தினமும் பூஜைக்கு முன்னால் நானே கதவருகில் போய் எண்ணிக்கை சொன்னேன். "அஞ்சும்மா." அவர் "ம்" என்பார். பூஜை முடிந்ததும் வந்து தாமும் ஒரு தடவை எண்ணுவார். அந்த இரண்டாவது எண்ணிக்கை எனக்குச் சுருக்கென்று தைக்கும். தைக்க வேண்டியதுதானே.

பதினாலாம் நாள் காலையில் எனக்கு நாலுதான் தெரிந்தது. கல்சட்டி, ஜாடி, கொட்டாங்கச்சிகள் எல்லாவற்றையும் பார்த்தேன். குனிந்து அடிப்பக்கமும் பார்த்தேன். கிழிந்த வாலைக் காணோம். இருந்தும் கால் தானாகக் கதவுக்குப் போயிற்று. "அம்மா, நாலுதான் தெரியுது. ஒண்ணைக் காணோம். செத்துப்போச்சான்னு தெரியல" என்றேன். ஜட்ஜம்மா கையிலிருந்த பூக்குடலையைக் கீழே வைத்தார். நிலைப்படியைத் தாண்டி ஆபீஸ் அறைக்குள்ளேயே வந்துவிட்டார். நான் சுவரோடு ஒதுங்கினேன். தொட்டியின் முன்னால் குனிந்து, அசையாமல், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் தெருக்கோடியில் தேயும்வரைக்கும் பார்த்தார்.

"அதோ. மணல் மூச்சு விடறது."

தொட்டியின் நட்டநடுவில், எந்தப் பொந்துக்கும் பக்கத்தில் இல்லாமல், திறந்த வெளியில் மணல் இரண்டு இடத்தில் மெல்ல ஏறி இறங்கியது. கண் இரண்டும் மட்டும் வெளியே. கிழிந்த வால் மீன் மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. பயந்த மீன் அப்படித் திறந்த வெளியில் படுக்காது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஜட்ஜம்மா என் பக்கம் திரும்பவில்லை. "அஞ்சு. சரி" என்றார். பூக்குடலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பதினைந்தாம் நாளைப் பற்றி யாரும் பேசவில்லை. வாய்தா முடிந்தும் தீர்ப்பு வரவில்லை. டைப் வேலை தீர்ந்தபிறகும் அந்த அறையில் ஒன்றரை வருஷம் இருந்தேன். அந்த மேஜையில் படித்துத்தான் இரண்டாவது முயற்சியில் பரீட்சை தேறினேன். இப்போது எனக்கு சர்க்கார் ஆபீஸில் ஒரு நாற்காலி உண்டு. மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் அப்பாவும் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம் உண்டு. ஆபீஸில் என் கையால் தவறு நடந்துவிட்டால் மேலதிகாரியின் மேஜை வரைக்கும் நடப்பது இன்றும் சிரமமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்துவிடுகிறேன். அதற்கு நான் பழகிக்கொண்டது அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள்.

அன்று காலை பழைய நாலில் ஒன்று செத்துக் கிடந்தது. சண்டையில்லை, காயமில்லை, வயிறு உப்பிச் செத்திருந்தது. தூக்கும் சைக்கிளும் எட்டின தூரத்தில்தான் இருந்தன. அவை என் கண்ணில் படவில்லை என்று சொன்னால் அது பொய். நேராகக் கதவருகில் போய், "அம்மா, ஒண்ணு செத்துப்போச்சு. நாலுதான்" என்றேன். எந்த மீன் என்று கேட்டார். சொன்னேன். "இருந்துட்டுத்தான் போயிருக்கு" என்று சொல்லிக்கொண்டே பின்கட்டுக்குப் போனார். ராட்டினம் ஒரு தடவை கிறீச்சிட்டு நின்றது. நானும் ஐயாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். இன்னும் ஒன்று போனால் தொட்டி இருக்கக்கூடாதென்று அவர் சொன்னது இரண்டு பேருக்கும் காதில் இருந்தது.

ஈரத் தலையோடு வந்தார். காப்பி டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தார். ஆடி மாதம் கிணற்று ஜலம் அவ்வளவு குளிர் இல்லை என்றார். பிறகு தொட்டியைப் பார்த்தார்.

"புதுசா ஒண்ணு கொண்டு வரதுன்னா, மொதல்ல எல்லாத்தையும் கலைச்சுட்டுக் கொண்டு வா. வரவனுக்கு மட்டும் எல்லாம் புதுசா இருக்கப்படாது."

ஐயா அதற்குள் வேட்டியை மடித்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.